பானையில் வெந்த தந்திகள்

போக்தான் வருகிறான் என்றால் போஸ்னானில் விளையாட்டரங்கம் நிரம்பும். க்தான்ஸ்கில் கதவையே பெயர்த்துவிடுவார்கள். மேற்கு எல்லையிலுள்ள ஓடர் ஆற்றைத் தாண்டிவிட்டால் அவன் யார் என்று கேட்க ஆளில்லை. போலந்தில் ராக் பாடுகிற எல்லாருக்கும் இதே கதிதான். எல்லாரும் ஒரே கரையில் நின்றவரை அது அவனுக்கு வலிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலத்தில் அவன் நண்பன் இரெக்குக்கு ஹாலந்தின் ராட்டர்டாமிலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கிளப்பில் இரண்டு நாள் கச்சேரி. அதன் டச்சு முதலாளி ஒருமுறை மாணவர் விடுதியில் இரெக் பாடியதைக் கேட்டிருந்தான்.

இருவரும் ஒரே குழுவில் தொடங்கிப் பிரிந்தவர்கள். இருவருமே பாஸ் கிதாரை வாசித்துக்கொண்டே பாடுபவர்கள். டோருன் நகரக் கலாசார இல்லத்தின் நிலவறையில் இன்றும் முறை வைத்து ஒத்திகை பார்க்கிறார்கள். போக்தானின் குழு வளர்ந்துவிட்டது. இரெக்கின் குழுவுக்கு மாணவர் விடுதிகளும் தீயணைப்புக்காரர்களின் மண்டபமும்தான் வாய்த்தன.

"அந்த டச்சுக்காரன் உங்கிட்ட அப்படி என்னத்தக் கண்டான்?" என்று போக்தான் கேட்டான். விளையாட்டாகக் கேட்பதுபோல் சிரித்துக்கொண்டான்.

"எனக்கும் புரியலடா. அன்னிக்கு நல்லா குடிச்சிருந்தான்னு நினைக்கிறேன்," என்றான் இரெக்.

அந்தப் பதிலும் போக்தானுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பெருமையடித்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

இரெக் புறப்படுவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. கலாசார இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் யாட்விகாவின் சமையலறையில், உருளைக்கிழங்கு வேகும் பீங்கான் பூச்சுப் பானையில் இரெக்கின் பாஸ் தந்திகள் கொதித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான அந்நாளில் கடையில் புதுத் தந்தி கண்ணில் படுவதே இல்லை. செத்துப்போன தந்தியை வேகவைத்தால் அழுக்கும் எண்ணெயும் இறங்கி, சில நாளைக்கு மணிபோல் ஒலிக்கும். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

"சாமிக்குப் படைக்கிற மாதிரி என் பானையில கம்பியப் போட்டு வேகவைக்கிறானுங்க. நாளைக்குப் பொங்கி வந்தா சூப்புன்னு குடிப்பானுங்க," என்று சொல்லிக்கொண்டே யாட்விகா தலையில் முக்காடு கட்டிக்கொண்டு கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குக் கிளம்பிப் போனாள்.

இரெக் கோட்டை மாட்டிக்கொண்டான். "பாஸ்போர்ட் ஆபீஸ மூடிடுவாங்கடா. கொஞ்சம் பாத்துக்க. இன்னும் கொஞ்ச நேரம் கொதிச்சதும் அணைச்சிடு."

"போடா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நாற்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தண்ணீர் குமிழியிட்டது. அணைக்கிற நேரம் வந்தது, கை எழவில்லை. ராட்டர்டாமில் இரெக் மைக் முன்னால் நிற்கிறான். யாரோ ஒரு வெள்ளிமுடிக்காரன், "போலந்தில் உன்னைவிட நல்ல பாடகன் இருக்கிறானா?" என்று கேட்கிறான். இரெக் தோளைக் குலுக்குகிறான். இதெல்லாம் போக்தானே மனதில் ஓட்டிய படம். ஆனால் நடந்தது போலவே எரிந்தது. தண்ணீர் பாதியாயிற்று. பிறகு தந்திகளின் முதுகு தெரிந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததைப் பாவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பானை காய்ந்து, பூச்சு வெடித்து, பொசுங்கிய நாற்றம் வந்தபோதுதான் எழுந்தான்.

பாஸ்போர்ட்டை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்த இரெக் வாசலில் நின்றுவிட்டான். பின்னாலேயே யாட்விகாவும் வந்தாள்.

"ஐயோ, என் பானை! இனிமே கிழங்க எதுல வேகவைக்கிறது, உன் தொப்பியிலயா?"

"மறந்துட்டேன்," என்றான் போக்தான்.

இரெக் ஒரு தந்தியை முள்கரண்டியால் தூக்கினான். கறுத்துப் போயிருந்தது. முறுக்கிப் பார்த்தான், சுற்றுக் கம்பி பிரிந்து தொங்கியது. அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, "புகை போட்ட மீன் மாதிரியில்ல இருக்கு," என்றான். யாட்விகா போக்தானைத் திட்டத் தொடங்கியதும் குறுக்கே வந்தான். "அவன விடுங்கக்கா. நாளைக்கு அவனுக்குக் கச்சேரி. தலையில ஆயிரம் ஓடும். நான்தான் அடுப்ப விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

திட்டை போக்தான் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. நிலவறைக்கு இறங்கிப்போய்த் தன் கிதாரிலிருந்து நான்கு தந்திகளையும் கழற்றிக்கொண்டு வந்தான். சிகாகோவிலிருந்து மாமா அனுப்பியவை. இன்னும் பளபளப்பு போகவில்லை.

"டே, நாளைக்கு நீ எதுல வாசிப்ப?"

"எதையாவது கட்டிக்கறேன். பேசாம வாங்கிட்டுப் போடா."

மறுநாள் துருப்பிடித்த பழைய தந்திகளைக் கட்டிக்கொண்டு வாசித்தான். அரங்கம் முழுவதும் கூடவே பாடியதில் அவற்றின் மங்கிய ஒலி யார் காதிலும் விழவில்லை.

தந்திகளைக் கொடுக்க முடிந்தது. பொறாமையைக் கொடுத்து அனுப்ப முடியவில்லை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் முழங்காலிட்டிருந்தபோது, அந்த கிளப் காலியாக இருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டான். வேண்டுதலை மாற்ற முயன்றான். வாய் மாறியது, மனம் மாறவில்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டு எழுந்தான்.

அதே வாரம் பெரிய வியாழனன்று இரெக் திரும்பி வந்தான். நேரே நிலவறைக்கு வந்து, நாடாவில் கட்டிய தந்திகளை நீட்டினான்.

"எப்படி இருந்துச்சு?" போக்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"டச்சுக்காரங்க வந்தாங்க. மேசைக்கு மேசை பேசிக்கிட்டிருந்தாங்க. எங்க பாட்டு எப்ப முடிஞ்சதுன்னே அவங்களுக்குத் தெரியல."

போக்தானின் நெஞ்சில் ஏதோ இனித்தது. உடனே அதை வெறுத்தான்.

"அப்புறம் பின்பக்கமா, அங்க பிழைக்கப் போன நம்மாளுங்க வந்தாங்க. பாத்திரம் கழுவுறவங்க, கப்பல்ல சாயம் அடிக்கிறவங்க. ஈரக் கையோட ஓடியாந்திருக்காங்க. என்ன கேட்டாங்க தெரியுமா? உன் கரிவண்டிப் பாட்ட."

போக்தான் நிமிர்ந்தான்.

"எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. அவ்வளவு தூரம் போயும் நீதான். அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"நாம சேந்து போட்ட பாட்டுடா அது!"

"தெரியும். வயிறு எரிஞ்சுதுடா. அவங்க திரும்பிப் போயிட்டாங்க. ராத்திரி தூக்கமே இல்ல. அடுத்த நாள் திரும்ப வந்தாங்க. அன்னிக்குப் பாடினேன். ஒருத்தன் சுவத்துல தலைய வச்சு அழுதான். இத நான் உங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். ரயில்ல அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்."

போக்தான் கையிலிருந்த தந்திகளை ஒலிபெருக்கியின் மேல் வைத்தான்.

"நான் மறக்கலடா," என்றான். "அந்தப் பானை. தண்ணி வத்துற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

மேலே யாட்விகா தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"அடப்பாவி," என்றான் இரெக். குரலில் வலி இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. பயணப் பெட்டியிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்தான். பாதியைப் போக்தானிடம் நீட்டினான்.

"அந்தப் பாட்டுல மூணாவது வரியில நீ எப்படி இறங்குற? அங்கதான் நான் தப்பு விட்டேன். ஒரு அம்மா திரும்பி முறைச்சா."

போக்தான் ஆரஞ்சுச் சாற்றைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கிதாரை மடியில் வைத்தான். அந்த இடத்தை மெதுவாக, விரல்கள் இரெக்குக்கு நன்றாகத் தெரியும்படி கிதாரைச் சாய்த்து வைத்து வாசித்துக் காட்டினான்.