மிதித்தால் சீறும் கார்

காரின் முன்கதவைத் திறந்த லட்சுமியம்மாள் முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தாள். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் பித்தளைக் கிண்ணத்துப் பால் திரிந்து, மேலே மஞ்சளாக ஒரு ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் வைத்திருந்த நாட்டுக்கோழி முட்டைகளில் ஒன்று யாருடைய பக்தியோ தாங்காமல் உடைந்து, ரப்பர் விரிப்புக்குக் கீழே ஓடி, வெயிலில் வெந்து, பாப்பநாயக்கன்பாளையத்தில் பாதித் தெருவுக்கு நாறியது. ஸ்டியரிங் முழுக்க ஈ. கிண்ணத்தையாவது எடுத்துக் கொட்டலாம் என்று அவள் கையை நீட்டியபோது, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே பங்காரம்மாவின் தலை முளைத்தது.

“அக்கா, செருப்பக் கழட்டிப்போட்டுத் தொடுங்க. சாமி இருக்குற எடம்.”

லட்சுமியம்மாள் செருப்பையும் கழற்றவில்லை, கிண்ணத்தையும் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

வேங்கடசாமியின் வெள்ளை டீசல் காரில் நாகம் குடியேறிய கதை அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாமல் போனவர்களை பங்காரம்மா நிறுத்திவைத்துச் சொல்லுவாள், அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சொல்லுவாள். பிரேக்கை மிதித்தால் ‘புஸ்ஸ்’ என்று சீறுகிறது. காலை எடுத்தால் அடங்குகிறது. இன்ஜின் ஓடினால்தான் சீறும், நிறுத்திவிட்டால் பேச்சுமூச்சில்லை. “சூட்டுக்குத்தானுங்க முழிச்சுக்குது” என்பது பங்காரம்மாவின் விளக்கம். அந்த வருஷம்தான் ஊரெங்கும் பிள்ளையார் பால் குடித்து முடித்திருந்தார். கையில் ஸ்பூனோடு வரிசையில் நின்று பழகிவிட்ட தெருவுக்கு அடுத்து ஒரு வேலை தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

நாகத்துக்கு முன்னால் அந்தக் காரில் இருந்தவர் டிரைவர் ஐயாசாமி. போன வாரம் லட்சுமியம்மாளை அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வந்தார். தெருமுனையில் ஒழுங்காகத் திரும்பிய கார் வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்கவில்லை. பின்சீட்டிலிருந்த லட்சுமியம்மாள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஐயாசாமியின் முதுகு சீட்டைவிட்டு மேலே எழுந்தது. இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, பாவம், நின்றேவிட்டார். “கல்லாட்டம் இருக்குதுங்கம்மா, எறங்க மாட்டேங்குது” என்று அவர் கத்தி முடிப்பதற்குள் கேட் வளைந்து தூண் சாய்ந்தது. லட்சுமியம்மாளின் மூக்குக்கண்ணாடி முன்சீட்டில் மோதி இரண்டாகப் போனது.

சத்தம் கேட்டு வேங்கடசாமி பனியனோடு ஓடிவந்தார். தெருவும் வந்தது. அவர் முதலில் தூணைப் பார்த்தார், அப்புறம் காரைப் பார்த்தார், உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்து பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். இறங்கி வந்து ஐயாசாமிக்கு எதிரே நின்று, “ஊது” என்றார்.

ஐம்பது வயது மனுஷன். வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாயைக் குவித்து, அத்தனை பேருக்கு நடுவில், சின்னப் பையன் மாதிரி ஊதினார். வேங்கடசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு “ச்சீ” என்றார்.

அந்த ஒரு ‘ச்சீ’ போதும். மத்தியானத்துக்குள் ஐயாசாமி குவார்ட்டர் அடித்திருந்தார். சாயங்காலம் பால்காரர் வரும் நேரத்துக்கு அது அரை பாட்டிலாகி, ராத்திரிக்குள் அவிநாசி தேர்முட்டியிலேயே உட்கார்ந்து குடித்ததாகக் கண்ணால் பார்த்த சாட்சியும் கிடைத்துவிட்டது. “அவர் குடிக்கலீங்க, நான் கார்லதான இருந்தேன்” என்று லட்சுமியம்மாள் சொன்னதை வேங்கடசாமி காதிலேயே வாங்கவில்லை. “நீ தூங்கிட்டு வந்திருப்பே” என்றுவிட்டு, கார் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஐயாசாமி அப்புறம் ஒரு நாள் பின்பக்கமாக வந்து நின்றார். ரேஸ்கோர்ஸில் ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்குக் கேட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அந்த அம்மா ஃபோன் பண்ணி விசாரிப்பார்களாம்.

“மொதலாளி ஒரு வார்த்த நல்லதாச் சொன்னாப் போதுமுங்கம்மா. குடிகாரன்னு சொல்லிப்போட்டா, கோயமுத்தூர்ல எவனுங்க என்னைய நம்பிச் சாவி குடுப்பான்?”

அதை அவள் வேங்கடசாமியிடம் சொன்னபோது அவர் இட்லியைச் சாம்பாரில் பிசைந்துகொண்டிருந்தார். “ஃபோன் வரட்டும். உள்ளதச் சொல்லிப்போடறேன்” என்றார்.

உள்ளது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் லட்சுமியம்மாள் மெக்கானிக் முஸ்தபாவுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்து இன்ஜின் ஓடாமலே பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தார்.

“பாருங்கம்மா. ஸ்டார்ட் ஆனதும் பெடல் காலோட கொஞ்சம் கீழ போகோணும். போகல. வேக்கம் புடிக்க மாட்டேங்குது.”

வேக்கம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது தானாகவே காற்றை உறிஞ்சுமாம். டீசல் இன்ஜினுக்கு அந்தக் குணம் கிடையாதாம். அதனால் டைனமோவின் முதுகில் ஒரு குட்டிப் பம்பு வைத்திருக்கிறார்கள். பெடலுக்கு முன்னால் கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்று இருக்கிறது, பூஸ்டர் என்று பேர். பம்பு அந்தச் சட்டிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வைத்தால்தான் மிதிக்கிற காலுக்கு நாலு கால் பலம் வரும். எங்காவது காற்று கசிந்தால் பெடல் கல்லுதான்.

இதற்கு மேல் லட்சுமியம்மாளுக்கு விளக்கவே வேண்டாம். கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்து, ரப்பர் வாஷரும் வெட்டி விற்பவரின் மனைவி. சக்‌ஷன் பைப்பில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் மோட்டார் தண்ணீர் எடுக்காது என்பது கல்யாணமான முதல் வருஷமே அவளுக்குத் தெரியும்.

“பம்பா, ஓஸ் பைப்பா, பூஸ்டரான்னு கழட்டிப் பாத்தாத்தான் தெரியுமுங்க” என்று முஸ்தபா ஸ்பேனரை எடுக்கும்போது வேங்கடசாமி வந்துவிட்டார்.

“பம்பைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? பானெட்ட மூடு.”

முஸ்தபா மூடினார். கொஞ்சம் ஓங்கியே மூடினார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம்தான் பங்காரம்மா, கடைவீதி வரைக்கும் விட்டுவிடச் சொல்லி, வேங்கடசாமி ஓட்டிய காரில் முன்சீட்டில் ஏறினாள். தெருமுனைக்குப் போவதற்குள் “பாம்பு! பாம்பு!” என்று அலறிக்கொண்டு, ஒரு கால் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு நடுரோட்டில் குதித்தாள். வேங்கடசாமியும் இறங்கினார். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவர், அன்றைக்கு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக இறங்கினார். இறங்கி, காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வாசலில் நின்ற லட்சுமியம்மாளுக்கு அந்த நிதானம் என்னவோ மாதிரி இருந்தது. மற்றவர்களுக்குக் கும்பிடு மட்டும் தெரிந்தது. அப்படியானால் கேட் இடிந்தது நாகத்தாலா என்று யாரோ கேட்டதற்கும் பங்காரம்மா பதில் வைத்திருந்தாள். குடித்துவிட்டு ஏறினவன் கால் பட்டதால் நாகத்துக்குக் கோபமாம். ஐயாசாமியின் பாட்டில் அப்படியே இருந்தது, மேலே ஒரு பாம்பும் ஏறிக்கொண்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காரை போர்டிகோவில் நிறுத்தி மஞ்சள் குங்குமம் அப்பி, தெரு முழுக்கக் கூடி நின்றது. இன்ஜின் ஓடினால்தான் சாமி பேசும் என்பதால் வேங்கடசாமி பட்டு வேட்டியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியை ஓடவிட்டிருந்தார். டீசல் புகையும் சாம்பிராணியும் அழுகின முட்டையும் கலந்து அடிக்க, லட்சுமியம்மாள் மறுபடியும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பங்காரம்மா ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்திக் கொத்தைக் குத்தி, பெடலுக்கு அருகில் வைத்தாள்.

“மிதிங்கண்ணா.”

மிதித்தார். ‘புஸ்ஸ்’ என்றது. அதுவரை மேலே எழுந்துகொண்டிருந்த புகை படுத்தது. படுத்து, ஒரு நூல் மாதிரி நீண்டு, பெடல் கம்பி நுழைகிற ரப்பர் மூடிக்குள் போனது. காலை அழுத்தியிருக்கும்வரை போய்க்கொண்டேயிருந்தது.

“புகையக் குடிக்குது! சாமி புகையக் குடிக்குது!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

லட்சுமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில், சூலூர்ப் பக்கம் யாராவது மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று வந்தால், வேங்கடசாமி இதைத்தான் செய்வார். மோட்டாரை ஓடவிட்டு, இவள் கையில் ஊதுபத்தியைக் கொடுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் காட்டச் சொல்வார். எங்கே புகை உள்ளே போகிறதோ அங்கே ஓட்டை. அதில்தான் அவருக்குப் பேரே வந்தது. பம்பும் இல்லை, ஓஸும் இல்லை. பூஸ்டர். அந்தப் பூஸ்டரை இரண்டு மாதம் முன்னால் பட்டறையில் பிரித்தவர், ‘கம்பெனி ரப்பர் எதுக்கு, லாரி ட்யூப்ல நானே ஒண்ணு வெட்டிப் போட்டுட்டேன், என்ற வாஷருக்கு முன்னால அவன் ரப்பர் நிக்குமா?’ என்று சோற்றுக்கு நடுவில் பீற்றிக்கொண்டது இவளிடம்தான்.

மணிச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஜன்னலில் குனிந்தாள்.

“ஏனுங்க, நீங்க வெட்டிப் போட்ட ரப்பர்தானுங்களே கிழிஞ்சிருக்குது?”

“மெதுவாப் பேசு.”

“எப்பத் தெரியுமுங்க?”

அவர் முன்கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். “கேட் இடிச்சன்னிக்கே. மிதிச்சுப் பாத்தேன்ல.”

“அப்பறம் எதுக்கு அந்த மனுசன் வாய மோந்தீங்க?”

“வேங்கடசாமி ரப்பரு ஒழுகுதுன்னு பொள்ளாச்சி வரைக்கும் பேசோணுமா அம்மணி? யாவாரி ஒருத்தன் நம்ம வாஷர வாங்குவானா? டிரைவர் வேலை நூறு எடத்துல இருக்குது. எனக்குப் பேரு ஒண்ணுதான் இருக்குது.”

சொல்லிவிட்டு, ஊதுபத்தி குத்தாத பக்கமாகப் பார்த்து அந்த வாழைப்பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த நாற்றத்துக்கு நடுவில், கால் பக்கத்தில் ஈ மொய்க்க, கன்னம் உப்ப மென்றார். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பரிமாறிய வாய்தான். லட்சுமியம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை.

அவள் பங்காரம்மாவைத் தனியே இழுத்தாள். “இது பாம்பில்ல. பூஸ்டர் ரப்பர் கிழிஞ்சு காத்து இழுக்குது.”

பங்காரம்மா யோசித்தாள். “நாகத்துக்கு இங்கிலீசுல அப்பிடிப் பேருங்களாக்கா?”

உள்ளே ஃபோன் அடித்தது. வேங்கடசாமி காரிலிருந்தே, “இரு, நான் வாரேன், நான் பேசறேன்” என்றார். ஆனால் ஒரு கிழவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்துவிட்டார். காலை உதறிவிட்டு இறங்க முடியாதே. லட்சுமியம்மாள் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். ரேஸ்கோர்ஸ் அம்மாதான்.

“அவர் குடிக்கறவரில்லீங்க” என்றாள் லட்சுமியம்மாள், மூச்சு வாங்க. “நான் வண்டிக்குள்ளயே இருந்தேன். பிரேக்தானுங்க புடிக்கல. எங்கூட்டுக்காரர் பட்டறைல வெட்டிப் போட்ட ரப்பர் கிழிஞ்சுபோச்சு. ஐயாசாமி மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

“அப்பிடீங்களா... ஆனா எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களே. நெருப்பில்லாமயா...” என்று இழுத்தது குரல். அப்புறம் சட்டென்று தணிந்து, ஆசையாகக் கேட்டது: “அது கெடக்கட்டுமுங்க. அந்த நாகம் உங்க ஊட்டுக் கார்லதானுங்களே? மிதிச்சா பேசுதாமே?”

லட்சுமியம்மாள் வாயில் எச்சில் புளித்தது. உண்மையை முழுசாகச் சொல்லியாயிற்று, அது அங்கே போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வாசலில் சீறல் மறுபடியும் எழுந்தது.

“ஆமாங்க” என்றாள். “காத்தால அருள் வந்து சொல்லிப்போட்டுதுங்க. ஐயாசாமி சுத்தமான ஆளாம். அவர் ஓட்டுற வண்டியத்தான் கூடவே வந்து காப்பாத்துமாம்.”

“அய்யோ சாமி!” என்றது குரல். “நாளைக்கே வரச் சொல்லிர்றேனுங்க. நாங்களும் அவரோடவே வந்து ஒரு முட்டை வெச்சுக் கும்புட்டுட்டுப் போறமுங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு அவள் வாஷ்பேசினில் காறித் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். சொன்ன சொல்லின் ருசி அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கொப்பளித்துவிட்டு, முகம் துடைக்காமல் ஜன்னலருகே வந்து நின்றாள்.

போர்டிகோவில் வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. முன்னால் நின்றவள் தன் முட்டையை முந்தானையில் துடைத்துச் சுத்தம் செய்து, காருக்குள் குனிந்தாள். வைக்க இடமில்லை. பழைய முட்டைகளை விரலால் மெல்ல ஒதுக்கினாள். அதில் ஒன்று உருண்டு, பால் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு, பெடலுக்கு அடியில் போய் நின்றது. கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தபடி, வேங்கடசாமி பெடலை மிதிக்கக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.