மண்டோரின் கால்சட்டைப் பை

துணி காயவைக்கும் மெஷினைப் போட்டால் வீடே அதிர்ந்தது. கடகடவென்று அது போட்ட சத்தத்தில் ஹேமநாதனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஆயுசு முடிஞ்சிருச்சு வள்ளி. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்லா!"

அவன் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அதட்டினால்தான் எதுவும் நடக்கும் என்று நம்புகிறவன். அவன் மனைவி புஷ்பவள்ளி அதட்டவில்லை. துணியை வெளியே எடுத்துவிட்டு, மெஷினை வெறுமனே ஓடவிட்டாள். சத்தம் குறையவில்லை.

"துணியில ஒண்ணுமில்லங்க."

பிளக்கைப் பிடுங்கினாள். உருளையைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே காதை வைத்துக் கேட்டாள். ஓரிடத்தில் உரசியது. டார்ச் அடித்து, அந்த இடத்தில் உருளை விளிம்பின் இடுக்கில், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியை விட்டு நெம்பினாள். ஒரு செம்பனைக் கொட்டை துள்ளி விழுந்தது.

"அடேங்கப்பா! டாக்டர்கூட இப்படிக் கண்டுபிடிக்க மாட்டாருலா!" என்று வியந்தவன், கொட்டையைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். உதிர்ந்த பழம் ஒன்றையும் விடாமல் பொறுக்கச் சொல்லி ஆட்களை விரட்டுகிறவனுக்கு, வழியில் கிடக்கும் பழத்தைத் தாண்டிப் போக மனம் வராது. எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவான். அப்படி ஒன்றுதான் துணியோடு மெஷினுக்குள் போயிருந்தது.

"இனிமே வாசல்லயே பையக் காட்டிட்டுத்தான் உள்ள வரணும்" என்றாள் அவள்.

மறுநாள் மாலை, தோட்டத்தையே அதட்டிவிட்டு வந்த மண்டோர், இரண்டு பைகளையும் வெளியே இழுத்துவிட்டபடி வாசலில் நின்றான். புஷ்பவள்ளி பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றினான்.