ஆனிகாவின் லாக்கர் கதவு

எங்கள் பள்ளியில் ஒருவருக்குப் பிறந்த நாள் என்றால், முதல் மணி அடிப்பதற்குள் நண்பர்கள் நடைவழியில் அவர் புத்தகம் வைக்கும் லாக்கரின் கதவைப் பரிசுக் காகிதத்தால் மூடி, பலூன் கட்டி, மிட்டாய் ஒட்டிவிட வேண்டும். சட்டமெல்லாம் கிடையாது. ஆனால் அன்றைக்கு மொட்டைக் கதவோடு நிற்பதைவிட வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். அப்படிப் படுத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆனிகாவும் நானும் பாலர் வகுப்பிலிருந்து ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இந்தச் செப்டம்பரில் அவளுக்கு வாலிபால் அணியில் இடம் கிடைத்தது. அணித் தலைவி பிரின் கூப்பிட்டாள். இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டாள். "ரெண்டு நாள்தான்டி, ஹேஸல்" என்றாள். எங்கள் ஊர் டுலூத்தில் பனி விழத் தொடங்கிவிட்டது, அவள் திரும்பி வரவில்லை. எனக்கு அவள் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேற்று கழிவறைக் கண்ணாடி முன்னால் பிரினும் அவள் கூட்டமும் தலை சீவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"நாளைக்கு ஆனிகா பர்த்டேவாம். லாக்கர் யாருடி பண்றது?" என்றாள் ஒருத்தி.

"ஐயோ, எனக்கு வேற வேலை இல்லையா? நேத்து வந்தவ அவ. விடு, கண்டுக்க மாட்டா" என்றாள் பிரின்.

கண்டுக்க மாட்டாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனிகா அந்த மொட்டைக் கதவு முன்னால் நிற்பதை நினைக்கவே பொறுக்கவில்லை. இன்று காலை அப்பாவை நச்சரித்து, எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து, மஞ்சள் காகிதம், பலூன், மிட்டாய் எல்லாம் ஒட்டி முடித்தேன். என் பெயரை மட்டும் எழுதவில்லை. அவளே புரிந்துகொண்டு என்னைத் தேடி வருவாள் என்று ஒரு நப்பாசை.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று பார்த்தேன். ஆனிகா வந்தாள். கதவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மிட்டாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பின்னாலேயே பிரின் கூட்டம் வந்தது. ஆனிகா சட்டென்று திரும்பிப் பிரினைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்கதானடி பண்ணீங்க! சொல்லவே இல்ல பாத்தியா!"

பிரின் ஒரு நொடி விழித்தாள். அப்புறம் சிரித்தாள். "பின்ன? நீ நம்ம ஆளுடி!"

நடைவழியே கைதட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மதியம் ஆனிகா தட்டோடு என் மேசைப் பக்கம் வந்தாள், உட்காரவில்லை.

"ஹேஸல், ஒரு மிட்டாய்ல கூட வேர்க்கடலை இல்ல. எனக்கு ஆகாதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன்டி அவளைக் கட்டிக்கிட்ட?"

அவள் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்கதான் பண்ணீங்கன்னு நான் சொன்னதும் அவளால இல்லன்னு சொல்ல முடியல இல்ல? இனிமே என்னை விட மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "ப்ளீஸ்டி, யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாளில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான். ஜன்னலோர மேசையில் பிரின் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆனிகா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.