எது கேட்டாலும் ஆமாம்

அத்தானுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து எதையாவது கேட்டால் போதும், உடனே எனக்குப் போன். நான் லேப்டாப் பழுது பார்க்கிறவள். கையில் சூடான சால்டரிங் கம்பி இருக்கும், காதில் இவர் இருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "அது எது கேட்டாலும் ஆமான்னு அழுத்துங்க அத்தான். என் உயிர வாங்காதீங்க." அன்றிலிருந்து அவர் என் உயிரை வாங்கவில்லை.

அத்தானும் அக்காவும் வைத்திருந்த லேப்டாப்பில்தான் அக்காவின் குரல் இருந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி அவளுக்கு. பேச்சு போய்விடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நாக்கு குழறுவதற்கு முன்பே தினமும் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிந்து வைத்தாள். "கதவச் சாத்து." "உப்பு போதல." "அவர எங்க காணோம்?" என்னைத் திட்டுவதற்கென்றே தனியாகச் சில. இப்போது அவளால் அசைக்க முடிவது கண்ணை மட்டும்தான். திரையிலிருக்கும் எழுத்துகளைப் பார்ப்பாள்; கேமரா அவள் கண் போகும் இடத்தைக் கவனித்து வார்த்தையாக்கி, அந்தப் பதிவுகளை வைத்து அவள் குரலிலேயே பேசும். படுத்த படுக்கையாகக் கிடந்தும் வீட்டை அதட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

போன வாரம் அந்த லேப்டாப் பாதிப் பேச்சில் நிற்க ஆரம்பித்தது. மெமரி, ஃபேன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பிராசசர்தான் போய்க்கொண்டிருந்தது. ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அப்படியே உறைந்துவிடும். பதிவுகளைப் பிரதி எடுக்கலாம் என்றால் அவை எங்கே இருக்கின்றன என்று தேடுவதற்குள் உறைந்தது. மாற்றிவிட்டு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பெரும்பாலான லேப்டாப்பில் பிராசசரை மதர்போர்டு பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். நல்லவேளை, இது அந்த ரகம் இல்லை. கொக்கியை நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும். கடைக்கு எடுத்துப் போனால் அக்கா அதுவரை ஊமையாகக் கிடக்க வேண்டும். அதனால் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டேன்.

"உடைச்சுடாதடி" என்றது லேப்டாப், அவள் குரலில்.

"நீ வாய மூடிக்கிட்டு இரு. உன்னத்தான் கழட்டப் போறேன்."

அக்காவின் கண் சுருங்கியது. அதுதான் அவள் சிரிப்பு.

சூடு இருக்கும்போதே அணைத்தேன். பிராசசருக்கு மேலே செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஆறினால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்தேன். தகட்டின் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அவசரக் குடுக்கைகள் தகட்டை வெடுக்கென்று தூக்குவார்கள். கூடவே பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து அடியிலிருக்கும் ஊசிக்கால்கள் வளைந்துவிடும். நான் தூக்கவில்லை. இடமும் வலமும் மெல்லத் திருகினேன். தகடு வழுக்கிக்கொண்டு தனியாக வந்தது. கொக்கியை நிமிர்த்திப் பழையதை எடுத்தேன். புதியதன் மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைப் பலகையின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தேன். அழுத்தக் கூடாது, அது தானாக உட்கார வேண்டும். உட்கார்ந்தது. பேஸ்ட், தகடு, திருகு, பேட்டரி. ஒரு ஊசிக்கால்கூட வளையவில்லை.

"பாத்தீங்களா அத்தான், உங்க கொழுந்தியாளோட கைய" என்று பீற்றிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். புது பிராசசர் போட்டால் முதல் தடவை திரை வெகுநேரம் கறுப்பாகவே இருக்கும். விரலெல்லாம் பேஸ்ட். கழுவிவிட்டு வரலாமென்று போனேன்.

திரும்பி வந்தபோது அத்தான் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"ஏதோ கேட்டுச்சு. ஆமான்னு குடுத்துட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"இங்கிலீஷ்ல நீளமா இருந்துச்சு. எஸ்ஸுக்கு ஒய், நோவுக்கு என்னுன்னு போட்டிருந்துச்சு. ஒய் அழுத்தினேன்."

திரை நீலமாக மாறியிருந்தது. மீட்புச் சாவி என்கிற நீள எண்ணைப் போடு என்றது. டிஸ்க்குக்குப் பூட்டு இருக்கிறது என்றே அப்போதுதான் தெரியும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பழைய பிராசசரோடு பிணைந்தது. புதுசு வந்ததும் மெஷின் அத்தானிடம் கேட்டது, பழைய சாவியை அழித்துவிடட்டுமா என்றுதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், பழையதைத் திரும்ப மாட்டி, அது ஓடுகிற கொஞ்ச நேரத்தில் மீட்புச் சாவியைப் பார்த்து எழுதி வைத்திருக்கலாம். இருந்தாலும் பழையதை மாட்டிப் பார்த்தேன். அதே நீலம்.

"இத வாங்கின அன்னிக்கு ஒரு மெயில் ஐடி குடுத்தீங்களே, அது என்ன? சாவி அதுலதான் இருக்கும்."

"அன்னிக்கும் என்னென்னவோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஆமான்னு குடுத்தேன். மெயில் ஏதோ ஒண்ணு புதுசா அடிச்சேன், ஞாபகம் இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீதானம்மா அப்படிச் சொன்ன?"

நான் கத்தினேன். படிக்காமல் அழுத்துவீர்களா, மூளை இருக்கிறதா, அவள் குரலையே கொன்றுவிட்டீர்களே என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் மேலிருந்த ஆத்திரத்தையும் சேர்த்து அவர்மேல் கொட்டினேன். அவர் சமையலறைக்குப் போனார், அக்காவுக்குக் குழாயில் ஊற்றும் பாலைக் கலக்க. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். காது மட்டும் அவளுக்குக் கூர்மை.

புது பிராசசரையே மறுபடி மாட்டினேன். அந்த டிஸ்க்கை அழிக்க மனசு வராமல் எடுத்து வைத்துவிட்டு வேறொன்று போட்டேன். கண்ணைப் பார்க்கும் நிரலையும் அதனோடு வரும் குரலையும் ஏற்றினேன். யாரோ ஒரு பெண்ணின் குரல். விமானம் தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்த மாதிரி. மெஷினை அக்கா முன்னால் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கண் எழுத்து எழுத்தாக வெகுநேரம் நகர்ந்தது.

"அவரத் திட்டாத. பாவம்" என்றது அந்தக் குரல்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அத்தான் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

"யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல அத்தான்" என்றேன். "அக்காதான்."