ஸ்க்ரூ போடாத பெட்டி

1

இந்தக் கதை என் கடை மேசையில் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்தது. சாத்தூரில் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். எழுதுவது, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே செய்யும் இன்னொரு வேலை. பெட்டியைச் செய்தவர் முனியராஜ். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே நடந்த விபத்தில் இறந்துபோனார்.

[முதல் பத்தியிலேயே ஆளைக் கொன்றுவிட்டால் அப்புறம் எதற்குப் படிப்பது என்று கேட்பீர்கள். பட்டாசுக் கம்பெனி என்று ஆரம்பித்தாலே நீங்கள் முடிவை ஊகித்துவிடுவீர்கள். ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?]

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"ஆடி மாத வெயிலில் தாயில்பட்டி ரோடு..." வேண்டாம். வெயிலை எல்லாரும் எழுதியாயிற்று.

"முனியராஜின் விரல்களில் எப்போதும் வெள்ளி மினுங்கும், அது..." அது அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் போகாது. அதைக் கவிதையாக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியராஜ் பலகைகளோடு கடைக்கு வந்தார்." இதுதான் நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

மகள் பிரீத்திகாவுக்குப் பழைய கிதார் ஒன்றும், அதோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் வரும் சத்தம் தகர டப்பாவுக்குள் ஈயை அடைத்த மாதிரி இருக்கும். எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து, போனில் பார்த்து அளவெடுத்து, பிளைவுட்டை அறுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பிள்ள வாசிக்கது அடுத்த தெருவுக்காவது கேக்கணும்ணே."

நான் ஸ்க்ரூ டப்பாவை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"இரும்பு வேண்டாம்ணே."

"ஏன்யா, இதென்ன மருந்து ரூமா?"

"தெரியும்ணே. இருந்தாலும் கை வர மாட்டேங்கு."*

மர முளைகளைச் சீவி, துளையில் இறக்கி, மீதியெல்லாம் பசையால் ஒட்டினார். நான்கு பக்கமும் நின்றுவிட்டது. மேலே என் பழைய பேட்டரிகளைப் பாரமாக ஏற்றினோம். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன்ணே. காலையிலயே வந்துருதேன், ஸ்பீக்கர மாட்டிருவோம்" என்றார்.

* மருந்து அடைக்கும் இடத்தில் இரும்பு ஆகாது, ஒரு பொறி போதும். செருப்பும் கூடாது. நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினாறு வருஷப் பழக்கம். என் கடைக்குள் வரும்போதும் கதவுக் கொண்டியைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். நான் கிண்டல் செய்வேன்.

3

இங்கே ஒரு ஆசாரி தேவைப்படுகிறார். காமராஜ் என்று பெயர் வைத்தேன். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பசை காய மூணு நாளாகும்லே, திங்கக்கெழம வரைக்கும் தொடாத" என்று சொல்வார். சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, சீசன் நேரம் வேறு என்று முனியராஜ் லீவை விட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் இருந்த ரூமில்...

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. செய்தித்தாளில் முடித்துப் போட்டிருந்தார்கள்.]

காமராஜ் பாத்திரத்தில் எனக்குத் திருப்தியில்லை. பசை எப்போது காயும் என்று ஒரு ஆசாரிக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னார்? காரணம் சொல்லாவிட்டால் வாசகர் நம்ப மாட்டார்.

4

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பெட்டியை நான்தான் முடித்துக் கொடுத்தேன். அவர் செய்த மாதிரியே, இரும்பு இல்லாமல், பின் பலகையையும் பசை வைத்தே மூடினேன். அப்போது அதை மரியாதை என்று நினைத்தேன்.

போன வாரம் அவர் மனைவி வேல்விழி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை.

"கர்ருன்னு இரையுதுண்ணே. பிரீத்திகா தொடவே மாட்டேங்கா."

"பின் பலகைய உடைச்சாத்தான் ஸ்பீக்கர எடுக்க முடியும், தாயி."

"உடைக்கணுமா? அவுக கையால செஞ்சதுன்னு வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கு."

"ஸ்க்ரூ போட்டிருந்தா கழட்டி மாட்டலாம். அன்னைக்கே வேலையும் முடிஞ்சிருக்கும். பசைங்கவும் மூணு நாள்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு நாளா?" என்றாள். "எங்க பைண்டிங்லயும் இந்தப் பசைதான். சாயங்காலம் ஒட்டுனா காலையில காஞ்சிருதே."

"மரம்லா தாயி. தடிமனா இருக்கும்."

பெட்டியின் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வார்னிஷுக்கு அடியில் அங்கே சாம்பல் நிறத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது.

"அன்னைக்கு லீவுன்னு மொத நா காலையிலயே சொல்லியிருந்தாக. கறி எடுக்கச் சொன்னாக. விடிஞ்சு பாத்தா தூக்குவாளிய எடுத்துட்டுக் கெளம்புதாக. ஏன்னு கேட்டேன். 'பெட்டி இன்னும் காயல'ன்னாக. ரெண்டு வருசமா எனக்கு வெளங்கலண்ணே. பெட்டி காயாததுக்கும் வேலைக்குப் போறதுக்கும் என்ன இருக்கு?"

"சீசன்ல ஆள் பத்தலன்னு கூப்பிட்டிருப்பாக" என்றேன்.

பெட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

5

காமராஜ் என்று யாரும் இல்லை. மூன்று நாள் என்று சொன்னவன் நான்.

ஒரு ராத்திரி போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு ஒரு கதை எழுத நினைத்திருந்தேன். முனியராஜ் வந்தால் பேச்சும் டீயுமாக நாள் ஓடிவிடும். அதனால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப நாளைக்கு வேலைக்கே போயிருதேன்ணே" என்றார். சரி என்றேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தபோது நான்காம் பக்கத்தில் இருந்தேன். பிறகு ஒரு மாதம் கழித்து அந்தக் கதையை முடித்தும்விட்டேன். அச்சிலும் வந்தது. நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் கடிதம் போட்டார்கள்.

இரும்பைத் தொடாத பழக்கம் பதினாறு வருஷம் அவரைக் காத்தது, கடைசியில் அதே பழக்கம்தான் அவரை...

[இது கதைக்கு ரொம்பப் பொருத்தமாக அமைகிறது. பழியைப் பழக்கத்தின் தலையில் கட்டிவிட்டு நழுவப் பார்க்கிறேன். வெட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.]

6

முடிவு ஒன்று: வேல்விழி வீட்டுக்குப் போய் நேரில் சொல்கிறேன். உண்மையில் முந்தாநாள் பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே போய்த் திரும்பி வந்தேன்.

முடிவு இரண்டு: பெட்டியை உடைத்து, ஸ்பீக்கரைச் சரிசெய்து, புதுப் பலகை போட்டுக் கொடுக்கிறேன். பிரீத்திகா வாசிக்கிறாள், வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், நான் நல்லவனாகிவிடுகிறேன். இதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதை நான் எழுத முடியாது. வாசகரே, இவ்வளவு நேரம் உங்களிடம்தான் பேசினேன் என்று நினைத்திருப்பீர்கள். மன்னியுங்கள். இந்தக் கதை வரும் பத்திரிகை அச்சாவது வேல்விழி வேலை பார்க்கும் பிரஸ்ஸில். இதன் ஃபாரங்களை, அதாவது அச்சான பெரிய தாள்களை, மடித்து அடுக்குவது அவள்தான். ஆயிரம் பிரதி. மடிக்கிறவர்கள் யாரும் படிப்பதில்லை என்று பிரஸ்காரர் சொன்னார். அதனால்தான் பெயர்களை மாற்றவில்லை. தன் பெயரைப் பார்த்தால் யாருக்கும் கை நிற்கும்.

வேல்விழி, கையை நிறுத்து. அவர் ஏன் போனார் என்று கேட்டாயே. பெட்டி காயவில்லை என்று அவரிடம் சொன்னது நான். அது காலையிலேயே காய்ந்திருந்தது.

பெட்டி மேசையில் இருக்கிறது, பக்கத்தில் உளி இருக்கிறது. இன்னும் நான் தொடவில்லை. உடைப்பதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். கடையை ஒன்பது மணிக்குத் திறப்பேன்.