விழுந்தா ஆர் தூக்குறது?

பொன்னையாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில். அக்கராயன் குளத்துக்குக் கீழே இருந்த வயலை அதுவரை தனியாளாகச் செய்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்துக் கிடத்தித்தான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று தொடக்கம் அவருடைய மனைவி சிவலட்சுமி ஓரிடத்தில் இருந்ததில்லை.

அவர் இருமினால் ஓடிவருவாள். இருமாவிட்டாலும், ஏன் சத்தமில்லை என்று ஓடிவருவாள். சோறு அடிப்பிடிக்கும். தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனவள் வெறும் வாளியோடு திரும்பி வந்து நிற்பாள். பல் தீட்டிவிட்டாள், சோறு தீத்திவிட்டாள், சட்டைத் தெறி பூட்டிவிட்டாள். ஒரே மகள் வவுனியாவில் இருந்தாள். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் அவளால் வர முடியவில்லை.

கிளினிக்கிலிருந்து நிசாந்தினி என்ற தாதி சைக்கிளில் வந்து பார்ப்பாள்.

"அம்மா, ஐயாவின்ர இடக்கைக்கு ஒண்டுமில்லையே. தானே சாப்பிடட்டும். வலக்காலை ஒவ்வொரு நாளும் ஊண்டி நிக்க விடுங்கோ. இப்பிடியே கிடந்தால் இருக்கிற பலமும் போயிடும்."

"விழுந்தா ஆர் பிள்ளை தூக்குறது? நானோ?"

"நான்... நிப்பன்" என்றார் பொன்னையா. வாய் கோணி, சொல் குழறியது.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று சிவலட்சுமி அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், குண்டு போடும் கிபிர் விமானம் வந்தது. பதுங்குகிற பங்கர் குழி வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில் இருந்தது. சிவலட்சுமி அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள். மாதக்கணக்காகக் கிடந்த உடம்பு மூட்டைபோலக் கனத்தது. வாசற்படியில் கால் தடுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் கீழே, அவர் மேலே. அவளால் அசைய முடியவில்லை.

"நீ... போ" என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. தூரத்தில் எங்கோ குண்டு விழ, நிலம் அதிர்ந்தது. அவளுடைய கன்னத்தில் அவருடைய மூச்சு பட்டது. இரண்டு பேரும் வாசலுக்குக் குறுக்கே அப்படியே கிடந்தார்கள். சத்தம் அடங்கியபின் பக்கத்துக் காணி ராசு ஓடிவந்து தூக்கிவிட்டான். மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து அங்கே குடியேறியவன் அவன்.

அன்று சிவலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. எழும்பி வாசலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், முற்றத்துக்குப் போய் வந்தாள். பின்னேரம் ராசுவிடம் போனாள்.

"ராசு, பிடிச்சு நடக்கத் தடி கட்டவேணும். கட்டிலடியிலயிருந்து குசினிக்கும் கக்கூசுக்கும் பங்கருக்கும்."

"நாளைக்கே கட்டிருவோங்கம்மா."

காட்டுத்தடி வெட்டி, இடுப்பளவு உயரத்தில் கட்டினான். பங்கர் வாய்ப் படிகளை வெட்டிச் சரிவாக்கினான். எழும்ப வசதியாகக் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தான்.

அதற்குப் பிறகு பொன்னையாவுக்கு வேறு மாதிரித் தொல்லை. காலையில் கண் விழிக்க முன்னமே, "எழும்புங்கோ, நடப்பம்" என்று நின்றாள். களைத்து உட்கார்ந்தால், "இன்னொருக்கா" என்றாள். ஆனால் அவருடைய இடுப்பிலிருந்து அவளுடைய கை மட்டும் விலகவில்லை.

"கையை எடு."

எடுப்பாள். அவர் காலை இழுத்து வைக்கும்போது கை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

"நடக்கிறது நானோ, நீயோ?" என்று ஒருநாள் கத்தினார். சொல் தெளிவாகவே வந்தது. இரண்டு பேருமே திகைத்துப்போனார்கள்.

மார்கழி மழையோடு சிவலட்சுமிக்கு மலேரியா வந்தது. குளிர் உலுப்பியது. இருந்த சீலை, சாக்கு எல்லாவற்றையும் போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. ராசு தாதியைக் கூட்டிவரப் போயிருந்தான். நாக்கு வறண்டு, "தண்ணி" என்று முனகினாள்.

பொன்னையா கட்டிலில் எழும்பி இருந்தார். பிறகு தடியைப் பிடித்தார்.

"வேண்டாம், இருங்கோ... ராசு வரட்டும்."

கால் இழுபடும் சத்தம் குசினிப் பக்கமாகப் போனது. பானை மூடி உருண்டது. அதன்பின் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பப் பார்த்தாள், தலை சுற்றியது. 'அடுப்பு மேடையில நெருப்பு இருக்கு, கட்டியிருக்கிற சாரம் பத்தினால்?' கண்ணை மூடினால் அவர் விழுந்து கிடப்பதுதான் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ! என்ன செய்யிறியள்?"

"கத்தாதை. கொதிக்கவேணுமெல்லே."

கடைசியில் வாசலில் அவருடைய தோள் தெரிந்தது. இடக்கையில் செம்பு. தடியைப் பிடிக்கக் கையில்லாததால் தோளை அதில் உரசிச் சாய்ந்து சாய்ந்து வந்தார். கொத்தமல்லித் தண்ணீரில் பாதி அவருடைய காலிலும் நிலத்திலும் கொட்டியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு.

"விழுந்தனீங்களோ?"

"ஓம். குசினிக்குள்ளை."

"பிறகு?"

"பிறகென்ன, எழும்பினன்."

அவள் சூட்டோடு குடித்தாள். சீனி போடவில்லை. அதை அவள் கவனிக்கவேயில்லை.

தை பிறந்தது. காய்ச்சல் விட்டு, மெலிந்த உடம்போடு சிவலட்சுமி நடமாடத் தொடங்கினாள். ஒரு காலை கண் விழித்தபோது அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. குசினியில் இல்லை. கக்கூசுக் கதவு திறந்து கிடந்தது. தடி முடிகிற இடத்துக்கு அப்பால், ஈர மண்ணில் ஒரு காலடியும் ஒரு இழுவைக் கோடும் போயின.

பதறிக்கொண்டு வேலிப் படலைவரை ஓடினாள். வாய்க்கால் கரையில், ஒரு ஊன்றுகோலை வலக் கக்கத்தில் இடுக்கிச் சாய்ந்துகொண்டு பொன்னையா நின்றார். பக்கத்தில் ராசு மண்வெட்டியோடு நின்றான். வயலுக்குத் தண்ணீர் திருப்புவதைப் பற்றி ஏதோ வாதம். இடக்கையை நீட்டி நீட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். பால் வைத்தாள். மூன்றாம் முறையாக வெளியே வந்து எட்டிப் பார்த்தபோது, அவர் வழுக்கலான வரம்பில் காலை வைத்துக்கொண்டிருந்தார். அவள் படலைக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் மற்றக் காலையும் இழுத்து வைக்கும்வரை அங்கேயே நின்றாள்.