தண்ணீர் ஊற்றி வளர்த்த எல்லை

மழை வந்தால் மேட்டுப்பக்கம் குளிர்ந்து போகும், பள்ளம் மூழ்கிப் போகும். கம்பாலாவின் எந்தக் குன்றிலும் இதுதான் வழக்கம். அன்று காலையும் அபேர் தன் ஒற்றை அறைக்குள் புகுந்த கருந்தண்ணீரை பேசினில் மொண்டு வாசலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டிய தண்ணீர் வந்த வழியே திரும்பி உள்ளே வந்தது. பிள்ளைகள் கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தன.

வாழையிலையில் பொதிந்த மத்தோக்கே வாழைக்காய் மசியலோடு நசூனா கல்லுக்குக் கல் தாவி வந்து சேர்ந்தாள். மேட்டுச் சாலையில் தையல்கடை வைத்திருப்பவள். அவள் கடை வாசலில்தான் அபேர் சோளம் சுட்டு விற்பாள். நசூனா இந்த மண்ணிலேயே பிறந்த புகாண்டாக்காரி, அபேர் வடக்கே சண்டைக்குத் தப்பி வந்த அச்சோலிக்காரி. ஆனாலும் கூடப்பிறந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். போன மழைக்காலத்தில் அபேரின் கடைக்குட்டி ஒடோங் காலராவில் கண்ணை மூடியது நசூனாவின் மடியில். ஆஸ்பத்திரி வாசல்வரை போயும் பிள்ளை தங்கவில்லை.

அந்தச் சாவு நசூனாவைத் தூங்கவிடவில்லை. அன்றைக்கு அந்த இலைப்பொதியைக் கொடுத்துவிட்டு அங்கேயே சொன்னாள்: பள்ளத்தில் அடைத்துக் கிடக்கிற இந்த ஓடையைத் தூர்வார ஒரு சங்கம் தொடங்கப் போகிறேன், மேட்டுக்காரனுக்கு இருக்கிற சுத்தம் பள்ளத்துக்காரனுக்கும் வேண்டும்.

சொன்னதோடு நிற்கவில்லை, அலைந்தாள். சங்கத்தைப் பதிய வேண்டுமென்றால் நிர்வாகக் குழு வேண்டும், குழுவில் நாலு பெரிய மனிதர்கள் வேண்டும் என்றார்கள். பாதிரியார் வந்தார், பள்ளித் தலைமையாசிரியை வந்தார், வட்டாரத் தலைவர் வந்தார். சரிவில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான செகிட்டோ, கூப்பிடாமலே வந்தார். பள்ளத்துப் பிள்ளைகளை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழுகிற ஓநாய் நல்ல சட்டை போட்டிருந்தால் நாற்காலி போட்டுவிடுகிறோம்.

அபேர் ஒரே ஒரு முறை கேட்டாள், சோளத்தைத் திருப்பிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, அந்தக் குழுவுல எங்காளு யாராச்சும் உக்காரலாமா?"

"கூட்டம் பகல்லடி. நீங்கல்லாம் பொழப்பப் போட்டுட்டு வர முடியுமா? அதான் நான் இருக்கேன்ல. உனக்கென்ன பயம்?"

அபேர் தலையாட்டினாள். நசூனா பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

ஊர்ப்பொது வேலைக்கு விடிகாலையில் முரசு அடித்தார்கள். புகாண்டாவில் முரசு கேட்டால் மண்வெட்டியோடு வர வேண்டும். பள்ளத்து ஜனம் முழுக்க வந்தது. இடுப்பளவு சேற்றில் இறங்கி, செத்த எலியும் பிளாஸ்டிக் பையும் பிள்ளைகளின் கழிவுமாக வாரிவாரி மேலே எறிந்தார்கள். மேட்டுக்காரர்கள் கரையில் நின்று தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த மழையில் ஓடை ஓடையாக ஓடியது. அபேரின் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு அவள் நசூனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஒடோங் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பிறகுதான் செகிட்டோ ஒரு லாரி நிறையச் செடி கொண்டுவந்தார். ஓடைக்கரையை அழகுபடுத்த வேண்டுமாம், உதவி தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்களாம். நசூனா லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். நீள இலையோடு கத்தை கத்தையாக லுவானி. 

லுவானியைப் புகாண்டாவில் பிறந்தவர்கள் வெறும் செடியாகப் பார்க்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கூடி நிற்க, தலைவர் பார்க்க, லுவானி நட்டால் அது எல்லை. அதற்குப் பிறகு அதைப் பிடுங்கியவன் ஊர்ப்பகையைத் தேடிக்கொண்டவன்.

"ஐயா, இது எல்லைக்கு நடுறதாச்சே," என்றாள்.

"அழகுக்கும் நடுறாங்க தங்கச்சி. பெரிய ஓட்டல் வாசல்ல எல்லாம் பாக்கல? வேணாம்னா சொல்லு, லாரியத் திருப்பிடுறேன்."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். விருந்தாளிகள் வரும் நாள் நெருங்கியிருந்தது. குழுவில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் புகாண்டாக்காரர்கள், எல்லோருக்கும் லுவானி என்றால் என்னவென்று தெரியும். ஒருவர்கூடப் பேசவில்லை. கயிறு பிடித்தவர்கள் செகிட்டோவின் ஆட்கள். குழி தோண்டியவர்கள் பள்ளத்துக்காரர்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைக்க வந்த அந்த ஜனங்களுக்கு அது பச்சைப் பசேலென்ற ஒரு செடி, அவ்வளவுதான். வீடுகளுக்குக் கீழே, ஓடையை ஒட்டி நேர்கோடாக நட்டார்கள். அபேர் தன் வாசலுக்கு நேரே இருந்த செடிகளுக்கு வேனல் முழுக்க ஜெரிக்கேனில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஒடோங் நினைவாக ஒன்றுக்கு அவன் பெயரே வைத்திருந்தாள்.

செடி வேர்பிடித்ததும் செகிட்டோ ஆள் அனுப்பினார். சாலையிலிருந்து லுவானி வரிசைவரை என் நிலம், நடுவில் இருக்கிற வீடுகளைக் காலி செய்யுங்கள் என்றார். பள்ளத்துக்காரர்கள் அந்தத் துண்டுகளை யார் யாரிடமோ வாய்ச்சொல்லில் வாங்கியவர்கள். நாறிக் கிடந்தவரை எவனும் கேட்கவில்லை. நாற்றம் போனதும் நிலத்துக்கு வாய் முளைத்துவிட்டது.

வட்டாரத் தலைவர் முன்னால் விசாரணை நடந்தது. சாட்சிகள் யார்? பாதிரியார், தலைமையாசிரியை, தலைவரே ஒரு சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி. செடி நட்டது யார் என்று தலைவர் கேட்டார். பள்ளத்துக்காரர்கள் கையைத் தூக்கினார்கள். தண்ணீர் ஊற்றியது யார் என்றார். அபேர் பெருமையாகவே எழுந்து நின்றாள், பாவம், செகிட்டோவின் எல்லையைத் தாங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிறது என்று அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

நசூனா குறுக்கே விழுந்து பேசினாள். அழகுக்கென்று சொல்லித்தான் நட்டோம், இது மோசடி என்றாள். தலைவர் அவளை நிதானமாகப் பார்த்தார்.

"லுவானின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நடும்போது தெரியுமா?"

 அதற்கும் தெரியும் என்று அவள் சொன்னபோது அபேர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நசூனாவின் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

தீர்ப்பு செகிட்டோ பக்கம் போனது, வீடுகளை இடித்தார்கள். மண்சுவர் விழுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கிழக்குக்காரர்கள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். அபேருக்குப் போக இடமில்லை. நகரத்துக்கு வெளியே குப்பைமேட்டுப் பக்கம் ஒரு கொட்டகை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். கை வண்டியில் மெத்தையை ஏற்றிக் கட்டும்போது நசூனா கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.  அபேர்தான் பேசினாள்.

"உன்மேல கோவம் இல்லக்கா. நீ எங்களுக்காகத்தான் பேசுன. ஆனா எங்களயும் ஒரு நாள் அங்க உக்கார வெச்சிருந்தா, எங்கள்ல ஒரு முட்டாளாவது கேட்டிருப்பான், இது என்ன செடின்னு. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்ததால யாரும் கேக்கல."

வண்டி நகர்ந்தது. பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள். நசூனா கடைக்குத் திரும்பினாள். வாசலில் சோள அடுப்பு இருந்த இடத்தில் கரி மட்டும் கிடந்தது. சங்கத்திலிருந்து அன்றே விலகினாள். ஓடைக்கரையில் இப்போது பூங்கா இருக்கிறது, பெஞ்சுகள் இருக்கின்றன, மாலையில் மேட்டுக்காரர்கள் காற்று வாங்குகிறார்கள். சங்கத்துக்கு விருதுகூடக் கிடைத்தது.

சில மாதம் கழித்துப் பக்கத்துக் குன்றிலிருந்து சில பெண்கள் அவள் கடைக்கு வந்தார்கள். அவர்கள் பக்கத்து ஓடையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, நல்ல மனிதர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கப் போகிறோம், அனுபவப்பட்டவர் நீங்கள் வழிகாட்ட வேண்டும் என்றார்கள். நல்ல பெண்கள்தான். சுத்தமான உடை, சுத்தமான மனசு.

நசூனா மிஷினை நிறுத்தினாள்.

"மழை பேஞ்சா தண்ணி யாரு வீட்டுக்குள்ள பூருது?"

கீழே சேரியில் இருப்பவர்கள் வீட்டுக்குள் என்றார்கள்.

"அவங்க எங்க? ஏன் வரல?"

"அவங்களுக்கு வேலை இருக்குங்க. அவங்களுக்காகத்தான நாங்க வந்திருக்கோம்."

 நசூனா வாசலில் கரி கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"அவங்களோட வாங்க. நாற்காலி அவங்களுக்கு, அப்புறம் உங்களுக்கு. கூட்டம் அவங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல. அவங்கள உக்கார வெக்காம ஓடைய சுத்தம் பண்ணீங்கன்னா, அழுக்கோட சேத்து அவங்களையும் வாரிக் கொட்டிடுவீங்க. நான் கொட்டினேன்."